உலாவிக்குள் ஓடும் நிரலைக் கண்டுபிடித்தது யார்? டாய்லின் 906 காப்புரிமை பற்றி ஒரு கேள்வி

கரிசல்காடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 2006-ல் நான் ஒரு சின்ன வெப் டிசைன் கம்பெனியில் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலையில் வாடிக்கையாளர்கள் வரிசையாகப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அவர்களுடைய தளத்தைத் திறந்தால், பிளாஷில் (பக்கத்துக்குள் அசையும் படங்களை ஓட்டும் செருகு மென்பொருள்) செய்த மெனு முதல் கிளிக்கில் நகரவே இல்லை. மவுசை மேலே கொண்டுபோனால் சுற்றிலும் ஒரு கட்டம் தெரிகிறது. "இயக்குவதற்கு ஒரு முறை கிளிக் செய்யவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. எங்கள் மேல்தான் கோபம். நாங்களோ ஒரு வரி கூட மாற்றியிருக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு வழி தெரிந்தது. பிளாஷைச் செருகும் வரிகளைப் பக்கத்துக்குள் நேரடியாக எழுதினால் கிளிக் கேட்கும். அதே வரிகளை வெளியே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பு வந்து எழுதுவது போலச் செய்தால் கேட்காது. நாற்பதுக்கும் மேற்பட்ட தளங்களை இப்படித் திருத்தினேன். ஏன் இப்படி என்று சீனியரிடம் கேட்டதற்கு, "அமெரிக்காவில் ஏதோ பேட்டன்ட் கேஸ்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்த வழக்கை முழுதாகப் படித்தேன். மைக்கேல் டாய்ல் என்ற உயிரியலாளர். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அவரும் டேவிட் மார்ட்டின், சியோங் ஆங் என்ற இருவரும் சேர்ந்து 1994 அக்டோபரில் விண்ணப்பித்த காப்புரிமை, 1998 நவம்பரில் கிடைத்தது. எண் 5,838,906. வலைப்பக்கத்துக்குள்ளேயே வேறொரு நிரல் தானாகத் தொடங்கி, அங்கேயே ஓடி, பயனர் அதோடு ஊடாடுவது. அதுதான் கண்டுபிடிப்பு. உரிமை பல்கலைக்கழகத்துக்கு, உரிமம் டாய்லின் இயோலஸ் நிறுவனத்துக்கு. 2003 ஆகஸ்டில் சிகாகோ ஜூரி, மைக்ரோசாஃப்ட் 52 கோடி டாலர் தர வேண்டும் என்றது. விண்டோஸ் பிரதி ஒன்றுக்கு 1.47 டாலர் வீதம், 35 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள்.

என் கேள்வி நேரடியானது. டாய்ல் தன் உழைப்புக்குக் கூலி கேட்ட மனிதரா, எல்லோரும் நடந்த பாதைக்கு வேலி போட்டவரா?

வைகைக்கரை எழுதியது:

வேலி போட்டவர்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

வலை ஏன் வளர்ந்தது என்று யோசியுங்கள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் மூல நிரலைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. அதே வருடம் மினசோட்டா பல்கலைக்கழகம், இணையத்தில் தகவல் தேடிப் படிக்க உதவிய தன் கோஃபர் மென்பொருளுக்குச் சிலரிடம் கட்டணம் வாங்குவோம் என்றது. அதுவரை கோஃபர்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் என்ற பேச்சு வந்ததும் ஆட்கள் வலைப்பக்கம் சாய்ந்தார்கள். காசு கேட்கிறார்களோ என்ற பயமே ஒரு தொழில்நுட்பத்தை ஓரங்கட்டப் போதும். அப்படி எல்லோரும் கூடிக் கட்டிய வீட்டில், ஒருவர் வந்து ஜன்னல் என்னுடையது என்றால் எப்படி இருக்கும்?

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2003 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, இதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்டார். இதைச் செயல்படுத்தினால் ஏற்கனவே எழுதி வைத்த எண்ணற்ற பக்கங்கள் உடையும் என்பது அவர் கவலை. கரிசல்காடு நாற்பது தளங்களைத் திருத்தியதே அதற்குச் சாட்சி.

மனுதாரர் எழுதியது:

நான் சென்னையில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதும் வேலை செய்பவன். பத்தொன்பது வருடமாகக் கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். வைகைக்கரை சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க மாட்டேன்.

முதலில் டாய்லின் வேலையைப் பார்ப்போம். மனிதக் கருவின் வளர்ச்சியை முப்பரிமாணத்தில் காட்டும் ஒரு திட்டத்தில் அவர் இருந்தார். அந்தத் தரவு மிகப் பெரியது. ஆராய்ச்சியாளரின் மேசையில் இருந்த கணினியால் அதைத் திருப்பவோ வெட்டிப் பார்க்கவோ முடியாது. அன்றைய மொசைக் உலாவியில் ஒரு வீடியோவைத் திறந்தால்கூட வேறொரு ஜன்னலில் வேறொரு மென்பொருள் திறக்கும். டாய்லின் குழு என்ன செய்தது? மொசைக்கைத் திருத்தி, பக்கத்தின் நடுவிலேயே கரு தெரியும்படி செய்தது. கணக்குப் போடுவது தொலைவில் இருக்கும் பெரிய கணினிகள். மவுசால் திருப்புவது வீட்டில் இருப்பவர். 1993-ன் பிற்பாதியில் இது ஓடியது. உட்கார்ந்த இடத்தில் காகிதத்தில் கற்பனை செய்தவர் அல்ல, ஓட்டிக் காட்டியவர்.

சரி, அடுத்தது சட்டம். காப்புரிமையில் தலைப்பைப் படித்துப் பயப்படாதீர்கள். விளக்கவுரையும் படங்களும் கூட இரண்டாம் பட்சம். கடைசியில் எண்ணிட்டு வரும் கோரிக்கைகள்தான் வேலிக்கல். நாங்கள் கிளெய்ம் என்போம். டாய்லின் முதல் கிளெய்மில் பக்கத்தை உலாவி அலச வேண்டும், செருகல் குறி ஒன்று அதில் இருக்க வேண்டும், வெளி நிரல் தானாகத் தொடங்க வேண்டும், அதே ஜன்னலுக்குள் காட்ட வேண்டும், பயனர் ஊடாட முடிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கும். அத்தனையும் சேர்ந்தால்தான் மீறல். ஒன்று குறைந்தாலும் மீறல் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2006-ல் செய்ததும் அதுதான். "தானாக" என்ற ஒரு சொல்லை உடைக்கவே அந்தக் கிளிக். நீங்கள் திருத்திய நாற்பது தளங்களும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான், கரிசல்காடு.

கரிசல்காடு எழுதியது:

இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் வேலை அவ்வளவு கசந்திருக்காது. நன்றி சார்.

பழைய மோடம் எழுதியது:

நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உலாவி பற்றி எனக்கு ஆழமாகத் தெரியாது. ஆனால் இன்னொரு கண்டுபிடிப்பாளரின் பொருளைப் பல வருடம் சட்டைப்பையில் சுமந்திருக்கிறேன். அவரையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

கென்னத் வைஸ். 1984-ல் செக்யூரிட்டி டைனமிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் உருவாக்கியதுதான் செக்யூர்ஐடி டோக்கன். காப்புரிமை எண் 4,720,860, கிடைத்தது 1988 ஜனவரியில். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன டப்பா, அதில் ஆறு இலக்கம், ஒவ்வொரு நிமிடமும் மாறும். எங்கள் பிரிவுக்கு முதலில் அது வந்தபோது, சிக்னல் ஏதோ வாங்குகிறது என்றே பலர் நினைத்தார்கள். சிக்னலே கிடையாது. உள்ளே ஒரு கடிகாரம், ஒரு ரகசிய எண், ஒரு பேட்டரி. அதே ரகசிய எண் தலைமை அலுவலகக் கணினியிலும் இருக்கும். நேரத்தையும் ரகசிய எண்ணையும் சேர்த்து இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். விடை ஒன்றானால் கதவு திறக்கும். தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டாலும் அடுத்த நிமிடம் அது செல்லாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடிகாரப் பிழை. மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குச் சில நொடி தவறும். ஐந்து வருடத்தில் அது நிமிடக் கணக்காகிவிடும். அதனால் சர்வர் முன்பின் நிமிடங்களின் எண்களையும் போட்டுப் பார்க்கும். எந்த நிமிடத்தோடு பொருந்தியதோ அதைக் குறித்துக்கொண்டு, இந்த டோக்கன் இவ்வளவு பின்தங்குகிறது என்று நினைவில் வைக்கும். தாத்தாவின் கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும் என்று தெரிந்தவர்கள் மனசுக்குள் கூட்டிக்கொள்வது போல. விடுமுறைக்குப் போய் மாதக்கணக்கில் டோக்கனைத் தொடாமல் வருபவர்களுக்குத்தான் சில நேரம் தகராறு செய்யும். அடுத்தடுத்து இரண்டு எண்ணை அடிக்கச் சொல்லிச் சரி செய்வோம்.

இன்றைக்கு எல்லோர் போனிலும் 30 நொடிக்கு ஒரு தரம் எண் மாற்றும் ஆப் இருக்கிறது. அதற்கான பொதுத் தரம் 2011-ல் வந்தது. வைஸின் அந்தக் காப்புரிமைக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நேரத்தை வைத்து எண் உண்டாக்கும் எண்ணம் இப்போது யாருக்கும் திறந்த வீடு. காப்புரிமை என்ற ஏற்பாடு எப்படி முடிய வேண்டுமோ அப்படி முடிந்தது என்று நினைக்கிறேன்.

தேனிமகள் எழுதியது:

அருமையாக எழுதினீர்கள் ஐயா. நான் மின்னணுவியல் முதுநிலை மாணவி. ஒரு சந்தேகம். 2011-ல் இந்த டோக்கன் நிறுவனமே ஹேக் ஆனது என்று படித்தேன். கண்டுபிடிப்பிலேயே ஓட்டை இருந்ததா?

பழைய மோடம் எழுதியது:

இல்லையம்மா. ரகசிய எண்ணின் பிரதி இன்னொரு இடத்திலும் இருக்கிறது என்பதுதான் அந்தக் கருவியின் பலவீனம். செக்யூரிட்டி டைனமிக்ஸ் 1996-ல் ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியீட்டு நிறுவனத்தை வாங்கி, அப்புறம் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. 2011 மார்ச்சில் அதன் ஊழியர்கள் சிலருக்கு ஆள்சேர்ப்புத் திட்டம் என்ற பெயரில் ஒரு எக்செல் கோப்பு வந்தது. அந்தக் கோப்புக்குள் ஒரு பிளாஷ் துண்டு செருகியிருந்தார்கள். கோப்பைத் திறந்ததும் அது தானாக ஓடி, கணினிக்குள் வழி திறந்துவிட்டது. டோக்கன் தொடர்பான தகவல் வெளியே போனது. உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருந்தவை சுமார் 4 கோடி டோக்கன்கள். ஜூனில் அவற்றை மாற்றித் தர முன்வந்தார்கள். எங்களிடம் இருந்ததையும் மாற்றினோம். பெட்டி பெட்டியாக வந்ததை வரிசை எண் பார்த்துப் பதிவு செய்தது இன்னும் நினைவிருக்கிறது.

கரிசல்காடு எழுதியது:

> கோப்பைத் திறந்ததும் அது தானாக ஓடி

இந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓர் ஆவணத்துக்குள் வேறொரு நிரல் தானாகத் தொடங்குவது, டாய்லின் கிளெய்மில் இருந்த அதே எண்ணம். அது எவ்வளவு பயனுள்ளதோ அவ்வளவு ஆபத்தானது. இன்று உலாவிகள் பிளாஷை முழுதாகத் தூக்கிவிட்டதற்கும் இதுபோன்ற ஓட்டைகள் ஒரு பெரிய காரணம்.

வைகைக்கரை எழுதியது:

டாய்லின் கிளெய்மில் இருந்த எண்ணம் என்கிறீர்கள். அங்கேதான் நான் நிற்கிறேன். அது அவருக்கு முன்பே வேறொருவரிடம் இருந்தது.

பெய்-யுவான் வெய், பெர்க்லி மாணவர். அவர் எழுதிய வயோலா உலாவி 1992-லேயே வெளிவந்தது. மொசைக் வருவதற்கு முன்பு. 1993 மே 7 அன்று வெய் தன் உலாவியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் இருவருக்கு ஓட்டிக் காட்டினார். ரகசிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. பக்கத்துக்குள்ளேயே ஒரு படம், அதைத் திருப்பிப் பார்க்கலாம். அந்த மாதக் கடைசியில் திருத்திய பதிப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் போட்டு, சன் பொறியாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பினார். டாய்ல் விண்ணப்பித்ததோ 1994 அக்டோபரில். அதற்கு முன்பே, ஆகஸ்டில், வயோலா பற்றி டாய்லுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை என்பதும் வழக்கில் மைக்ரோசாஃப்டின் ஒரு குற்றச்சாட்டு.

இன்னொன்று என் மனதை உறுத்துகிறது. வெய் படித்த பெர்க்லியும் டாய்ல் வேலை பார்த்த சான் பிரான்சிஸ்கோ வளாகமும் ஒரே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளைகள். ஒரு பிள்ளை சும்மா கொடுத்ததை இன்னொரு பிள்ளையின் பெயரில் அதே வீடு விற்றிருக்கிறது.

மனுதாரர் எழுதியது:

வயோலாதான் இந்த வழக்கின் உயிர் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது நீதிமன்றத்தில் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2003 விசாரணையில் ஜூரி வயோலா பற்றி முழுதாகக் கேட்கவே இல்லை. வெய் அந்த மே மாத முதல் பதிப்பைக் கைவிட்டுவிட்டார், ஆகவே அது கணக்கில் வராது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தவறு என்றது. ஒருவர் தன் மென்பொருளைத் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிட்டால், முந்தியதைக் கைவிட்டார் என்று பொருள் ஆகுமா? ஆகாது என்றார்கள். 52 கோடி டாலர் தீர்ப்பு அதோடு கலைந்தது. மறு விசாரணை முடிவதற்குள், 2007-ல், இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. 2008-ல் அந்தக் கிளிக்கும் போனது.

இதற்கிடையில் காப்புரிமை அலுவலகம் 2 முறை மறுபரிசீலனை செய்து 2 முறையும் செல்லும் என்றே சான்று கொடுத்தது. வைகைக்கரை இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வாளர்கள் பார்வையில் டாய்லின் கிளெய்ம் நின்றது.

வைகைக்கரை எழுதியது:

அந்தத் தைரியத்தில்தான் 2009 அக்டோபரில் இயோலஸ் ஆப்பிள், கூகுள், அமேசான், யாகூ, அடோபி என்று இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மேல் ஒரே நாளில் வழக்குப் போட்டது. காப்புரிமை உரிமையாளர்கள் விரும்பிப் போகும் கிழக்கு டெக்சாசில். சில நிறுவனங்கள் பணம் கட்டி விலகின. மிஞ்சியவர்கள் 2012 பிப்ரவரியில் டைலர் ஊரில் ஜூரி முன் நின்றார்கள். பெர்னர்ஸ்-லீ சாட்சிக் கூண்டு ஏறினார். பெய் வெய்யும் வந்தார், 19 வருடத்துக்கு முன் ஓட்டிக் காட்டியதைப் பற்றிப் பேசினார். அந்தக் காப்புரிமை செல்லாது என்று ஜூரி சொன்னது. 2013-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

வெய்யின் பக்கத்தில் இருந்தவை தேதியிட்ட பதிப்பும் ஒரு மின்னஞ்சலும்தான். இணையத்தைக் காப்பாற்றியது அவை.

மனுதாரர் எழுதியது:

அந்தக் கடைசிப் பத்தியில் முழு உடன்பாடு. என் அனுபவமும் அதுதான். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று வாதாடி ஜெயிப்பது குறைவு. என்ன தேதி, யார் பார்த்தார், ரகசியம் காத்தார்களா, அதில்தான் முடிவாகிறது.

டாய்லைக் கெட்டவர் என்று சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை. அவர் கட்டியது நிஜம். கிளெய்மை எழுதியவர்கள் கருப்படத்தைத் தாண்டி வெகு தூரம் கல் நட்டார்கள். கணக்கைத் தொலைவில் உள்ள பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலையில் தனித்துவமானது என்பது என் கருத்து. அந்த அளவோடு முதல் கிளெய்மையே நிறுத்தியிருந்தால் அதை வயோலா தொட்டிருக்காது. ஆனால் 52 கோடியும் வந்திருக்காது.

தேனிமகள் எழுதியது:

இதெல்லாம் அமெரிக்காவில். இந்தியாவில் மென்பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். உண்மையா?

மனுதாரர் எழுதியது:

பாதி உண்மை. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், அப்புறம் "கணினி நிரல் பெர் சே" இவை கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. அந்த "பெர் சே", அதாவது "அது மட்டுமே", என்ற இரண்டு சொல் மேல் இருபது வருடமாக நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இழைக்கு நேராகப் பொருந்தும் வழக்கே இருக்கிறது. ஃபெரிட் அல்லானி என்ற துனீசியக் கண்டுபிடிப்பாளர். வலையில் உள்ள தகவல்களையும் சேவைகளையும் அணுகுவதற்கான முறையும் கருவியும் என்று 2002-ல் இங்கே விண்ணப்பித்தார். அலுவலகம் நிராகரித்தது. மேல்முறையீட்டு வாரியமும் நிராகரித்தது. 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதீபா சிங், தொழில்நுட்ப ரீதியான பங்களிப்பு இருந்தால் நிரல் என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது என்று சொல்லி, திரும்பப் பரிசீலிக்க அனுப்பினார். 2020 ஜூலையில் வாரியம் காப்புரிமை தரச் சொன்னது. ஆயுள் 20 வருடம், அதுவும் சர்வதேச விண்ணப்ப நாளில் இருந்து. பெரும்பகுதி காத்திருப்பிலேயே கரைந்துவிட்டது. வலைப்பக்கம் திறக்கும் முறை 2002-க்கும் 2020-க்கும் இடையில் எத்தனை தரம் மாறியது என்று நினைத்துப் பாருங்கள். அந்த மனிதருக்காக நான் வருந்துகிறேன்.

பழைய மோடம் ஐயாவுக்கும் ஒரு தகவல். வைஸ் பிற்பாடு யுனிவர்சல் செக்யூர் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு நிறுவனம் வைத்து, பணம் செலுத்துபவர் யார் என்று உறுதி செய்யும் முறைகளுக்குக் காப்புரிமை வாங்கினார். 2017-ல் ஆப்பிள் மேலும் விசா மேலும் வழக்கு. 2021 ஆகஸ்டில் நீதிமன்றம், இவை வெறும் அருவமான எண்ணங்கள், காப்புரிமைக்குத் தகுதியில்லை என்றது. 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில் வைத்த அளவுகோல் அது. கையில் பிடிக்கும் டோக்கனுக்குக் கிடைத்த மரியாதை, அதே மனிதரின் பிற்கால எண்ணத்துக்குக் கிடைக்கவில்லை.

பழைய மோடம் எழுதியது:

இது எனக்குத் தெரியாது. வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் முதல் டோக்கனில் கடிகாரப் பிழையைச் சமாளித்தாரே, அந்த மாதிரி ஒரு இடைஞ்சலைத் தீர்த்த கதை பின்னதில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது வேறு.

தேனிமகள் எழுதியது:

இவ்வளவு பேசிய பிறகு என் விஷயத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நானும் இரண்டு தோழிகளும் ஒரு யுஎஸ்பி சாவி செய்திருக்கிறோம். கணினியில் செருகினால், திறந்திருக்கும் வலைத்தளம் உண்மையானதா என்று பார்த்த பிறகே மின்னணுக் கையெழுத்திடும். மார்ச் மாதம் கல்லூரிக் கண்காட்சியில் வைத்தோம். துறையின் யூடியூப் பக்கத்தில் வீடியோவும் இருக்கிறது. இப்போது விண்ணப்பிக்கலாமா?

மனுதாரர் எழுதியது:

அம்மா, நேராகச் சொல்கிறேன். இரண்டு தடை இருக்கிறது.

ஒன்று, தளத்தின் பெயரைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடும் சாவி ஏற்கனவே உலகில் உண்டு. இத்தகைய பாதுகாப்புச் சாவிகளுக்காக 2014-ல் வந்த ஃபைடோ என்ற பொதுத் தரமே அதைச் செய்கிறது. இரண்டு, அமெரிக்காவில் நீங்களே வெளியிட்டதற்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஆர்எஸ்ஏ மறைகுறியீட்டு முறை 1977-ல் முதலில் பத்திரிகையில் வெளிவந்து, அப்புறம் விண்ணப்பமானது. அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது, மற்ற நாடுகளில் வாய்ப்பே போய்விட்டது. நம் சட்டத்தில் 31-ம் பிரிவு 12 மாதம் தருகிறது, ஆனால் அரசு அறிவித்த கண்காட்சிக்கும் கற்றறிந்தோர் சபையில் படித்த கட்டுரைக்கும்தான். கல்லூரிக் கண்காட்சி அதில் சேராது. யூடியூப் சேரவே சேராது. வீடியோவில் விளக்கியது போனதுதான்.

வீடியோவில் இல்லாதது ஏதாவது இருக்கிறதா?

தேனிமகள் எழுதியது:

இருக்கிறது சார். மே மாதம் சேர்த்தது. சாவி தொலைந்தால், வீட்டில் வைத்த இன்னொரு சாவி சர்வரின் உதவி இல்லாமலேயே பழையதைச் செல்லாமல் ஆக்கிவிடும். எப்படி என்று இங்கே எழுதட்டுமா?

மனுதாரர் எழுதியது:

வேண்டாம். இங்கே ஒரு வரி கூட எழுதாதீர்கள். பேராசிரியரிடம் சொல்வதற்கு முன்னும், கண்டுபிடிப்பு யார் பெயரில் என்று கல்லூரி விதியைப் பாருங்கள். மே மாத நோட்டுப் புத்தகம், சர்க்யூட் படம், நிரலின் பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு போதும், முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். தனிநபர் விண்ணப்பத்துக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய்தான். எழுத நான் காசு வாங்க மாட்டேன். தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, வீடியோவை அழித்துவிடாதே. மார்ச்சில் நீங்கள் செய்ததை நாளைக்கு வேறு யாராவது தன்னுடையது என்று சொன்னால், உன் பக்கத்தில் நிற்கப் போவது அதுதான்.